நோட்டைச் சுருட்டி வைக்கும் பொறி: காப்புரிமைப் பரிசோதனையில் எது நிற்கும், எது விழும்

வங்கியில் பணம் போடும் இயந்திரத்தில் ஒரு கட்டு நோட்டை வைத்ததும் அது நேராகப் பெட்டிக்குள் விழுந்துவிடுவதில்லை. உள்ளே நோட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. சென்சார்கள் மதிப்பையும் கள்ளநோட்டா என்பதையும் பார்க்கின்றன. தேறியவை ஒரு தற்காலிகச் சேமிப்பகத்தில் போய்க் காத்திருக்கின்றன. திரையில் தெரியும் தொகையை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் அவை கேசட்டுகள் எனப்படும் நோட்டுப் பெட்டிகளுக்குப் பிரிந்து போகும். ரத்து செய்தால் அவர் போட்ட அதே நோட்டுகள் திரும்பி வர வேண்டும். இந்த இடைத்தங்கல் வேலையைப் பல இயந்திரங்களில் ஓர் உருளையும் மெல்லிய நாடாவும் செய்கின்றன. நாடாவோடு சேர்த்து நோட்டையும் உருளையில் சுற்றிவிடுவார்கள். கடைசியாகப் போனது முதலில் வெளியே வரும்.

காப்புரிமை ஆவணங்களில் இதன் தலைப்பு பெரும்பாலும் 'காகிதத் தாள் சேமிப்பு அமைப்பு' என்றுதான் இருக்கும். நோட்டு மட்டுமல்லாமல் காசோலை, பரிசுக் கூப்பன், டிக்கெட் எல்லாம் அடங்கட்டும் என்று விண்ணப்பதாரர் அகலமாக எழுதுவார். அந்த அகலத்துக்கு ஒரு விலை உண்டு. 'காகிதத் தாள்' என்று எழுதிவிட்டால் நோட்டோடு சம்பந்தமே இல்லாத நகலெடுக்கும் இயந்திரத்தின் தாள் தட்டையும், விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று எதிரே கொண்டுவந்து வைக்கலாம். குளோரி, ஓகி, ஹிட்டாச்சி, தோஷிபா, ஃபுஜிட்சு போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக விண்ணப்பித்துக் குவித்திருக்கும் துறை இது. உருளை, நாடா, வழிகாட்டிச் சக்கரம் என்று உதிரிகளாகப் பார்த்தால் புதிது என்று எதுவும் மிச்சமில்லை. அதனால் இத்துறையில் பரிசோதனை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: பழைய உதிரிகளை இப்படிச் சேர்த்ததால் எந்தக் கோளாறு, எந்தக் காரணத்தால் நீங்கியது? விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பதாரர் தரும் ஆவணத்தில், இதற்குப் பதில் இருக்கும் விண்ணப்பம் தப்பிக்கும். உதிரிகளின் பட்டியல் மட்டும் இருப்பது பெரும்பாலும் விழுந்துவிடும்.

சுற்றும்போது என்ன நடக்கிறது

கோளாறைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோட்டுகள் இல்லாதபோது உருளையின் விட்டம் 60 மிமீ என்று வைத்துக்கொள்வோம். நோட்டின் தடிமன் சுமார் 0.1 மிமீ. நாடாவின் தடிமன் 0.05 மிமீ என்றால் ஒரு சுற்றுக்கு 0.15 மிமீ ஏறும். 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை இப்போதைய இந்திய நோட்டுகளின் அகலம் 66 மிமீ. நீள விளிம்பு முன்னால் வரும்படி ஓட்டி, நோட்டுக்கு நோட்டு 34 மிமீ இடைவெளி விட்டால் ஒரு நோட்டுக்கு 100 மிமீ நாடா செலவாகும். நூறு நோட்டுக்கு 10 மீட்டர். இத்தனையும் சுற்றி முடிக்கும்போது விட்டம் ஏறக்குறைய 74 மிமீ ஆகிவிடும்.

இந்த 14 மிமீ வித்தியாசத்திலிருந்துதான் பாதிப் பிரச்சினைகள் கிளம்புகின்றன. நோட்டுகள் நொடிக்கு 10 வீதம், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருகின்றன என்றால், வெறும் உருளை நிமிடத்துக்குச் சுமார் 318 முறை சுற்ற வேண்டும். நிறைந்த உருளைக்கு 257 போதும். மோட்டார் வேகத்தைக் குறைக்காமல் விட்டால் நாடாவின் வேகம் 24 சதவீதம் வரை ஏறும். வழியில் வரும் நோட்டை அது வெடுக்கென்று இழுக்கும். நோட்டு கோணும், இடைவெளி விரியும், நாடா சீக்கிரம் தீர்ந்துபோகும். எதிர்ப்பக்கம் நாடாச் சுருள் இளைத்துக்கொண்டே போவதால் அதன் வேகம் ஏறும். அங்கே டார்க் லிமிட்டர் (சுழல் விசையை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத பிடிப்பான்) சரியாகப் பிடிக்காவிட்டால் நாடா தொய்ந்துவிடும். தொய்ந்த நாடாவுக்குள் போன நோட்டு பக்கவாட்டில் நழுவும். பிறகு வெளியே வரும்போது சட்டகத்தில் இடித்து மடங்கும். நோட்டுகள் ஒரே கோணத்தில் மேலுக்கு மேல் வந்து அமர்ந்தால் சுற்று வட்டமாக இராமல் ஒரு பக்கம் புடைக்கும். நாடா முடியும் இடத்தைச் சென்சார் தவறவிட்டால் நாடா கழன்றே வந்துவிடும்.

வெளியே எடுப்பது இன்னும் வம்பு. நாடா உருளையை விட்டு விலகும்போது நோட்டும் அதோடு வர வேண்டும். புதுநோட்டு விறைப்பாக இருப்பதால் தானே விலகும். பலர் கைபட்டுத் துவண்ட அழுக்கு நோட்டோ அப்படி விலகாது. நிலைமின்னூட்டமும் சேர்ந்துகொண்டால் அது உருளையோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு சுற்றுப் போய்விடும். அதைக் கிளப்பி எடுக்கத்தான் பிரிப்பு நகம். அந்த நகத்தை நிலையாகப் பொருத்தினால், நிறைந்த உருளையிலிருந்து 1 மிமீ தள்ளி நிற்கும் நுனி, உருளை வெறுமையாகும் நேரத்தில் 8 மிமீ தள்ளி நிற்கும். நோட்டு அதற்கு அடியில் புகுந்து போய்விடும். ஸ்பிரிங் வைத்து நகத்தை உருளையோடு அழுத்திப் பிடித்தால் நுனி நாடாவைச் சுரண்டும். நோட்டின் ஓரம் கிழிந்திருந்தால் அதில் குத்தி நிற்கும்.

ஓர் உரிமைக்கோரலைப் பிரித்துப் பார்த்தால்

எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எல்லை வகுத்துச் சொல்லும் வாசகம்தான் உரிமைக்கோரல். விளக்கத்துக்காக ஒன்றை இங்கே கட்டிக்கொள்வோம். அடைப்புக்குறிக்குள் இருப்பவை படத்தில் கூறுகளுக்கு இடும் எண்கள். தாள்களை நாடாவுடன் சேர்த்துச் சுற்றும் உருளை (10). நாடாவைத் தரும் நாடாச் சுருள் (20). இரண்டுக்கும் நடுவே நாடாவைத் திருப்பும் வழிகாட்டி உருளை (30). உருளையிலிருந்து தாளைக் கிளப்பும் நகம் (40). நகத்தைத் தாங்கிச் சட்டகத்தில் ஆடும்படி பொருந்திய கை (50). அந்தக் கையில் நகநுனிக்கு அருகே பொருத்தப்பட்டு, சுற்றின் மேற்பரப்பில் உருளும் சிறு சக்கரம் (60). கையை உருளையை நோக்கி அழுத்தும் ஸ்பிரிங் (70). சக்கரம் சுற்றின்மேல் உருளுவதால் விட்டம் எவ்வளவானாலும் நகநுனி மேற்பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளியே நிற்கும் என்பதுதான் இதன் கரு.

பரிசோதகர் முதலில் பார்ப்பது காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்களை. மெல்லிய தாள்களைக் கையாளும் இயந்திரங்கள் பி65எச் வகுப்பில் வரும். அதில் சுருட்டிய பட்டைகளில் வைத்த தாள்களை வெளியே ஊட்டுவதற்கு 5/28 என்று தனி இடம் இருக்கிறது. பணத்தாள்களை வாங்கி, எண்ணி, வழங்கும் இயந்திரங்களுக்கு ஜி07டி 11. இந்த இரண்டிலும் மட்டும் தேடி நிறுத்துவது போதாது. படலம், நூல், துணி சுற்றும் இயந்திரங்களிலும் இதே விட்டப் பிரச்சினை உண்டு. ஆகவே பி65எச் வகுப்பின் அந்தப் பகுதிகளையும் துழாவ வேண்டும். ஜப்பானிய ஆவணங்களை அந்நாட்டின் ஜே-பிளாட்பேட் காப்புரிமைத் தேடல் தளத்தில் இயந்திர மொழிபெயர்ப்போடு படிக்கலாம். பழைய பயன்பாட்டு மாதிரி (சிறு மேம்பாடுகளுக்குத் தரும் குறுகிய கால உரிமை) விண்ணப்பங்களில் எழுத்து மங்கலாக இருந்தாலும் படங்கள் பேசும். ஒரு படத்தில் கையும் சக்கரமும் தெளிவாகத் தெரிந்தால் அதுவே போதுமான சான்று. ஆனால் காப்புரிமைப் படங்கள் அளவுத்திட்டப்படி வரைந்தவை அல்ல. ஸ்கேலை வைத்து அளந்து, 'நுனி இடைவெளி 0.5 மிமீ என்று இங்கே இருக்கிறதே' என்று யாரும் வாதிட முடியாது.

தேடலில் மூன்று ஆவணங்கள் அகப்பட்டன என்று கொள்வோம். முதலாவதில் உருளை, நாடா, சுருள், வழிகாட்டி, நிலையான நகம் எல்லாம் உண்டு. ஆடும் கை இல்லை. இரண்டாவதில் ஸ்பிரிங் அழுத்தும் கையும் நகமும் உண்டு. நகநுனி நேராக மேற்பரப்பைத் தொடுகிறது. மூன்றாவது நோட்டுத் துறையே இல்லை. பிளாஸ்டிக் படலம் சுற்றும் இயந்திரத்தில் சுருளின் விட்டத்தை அளக்க, அதன்மேல் உருளும் சக்கரத்தோடு ஒரு கை.

புதுமை என்ற கட்டத்தில் இந்த உரிமைக்கோரல் தப்பித்துவிடும். புதுமை இல்லை என்று சொல்ல ஏழு கூறுகளும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது ஆவணத்தில் சக்கரம் (60) இல்லை, அவ்வளவுதான். சண்டை அடுத்த கட்டத்தில்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 2(1)(ஜேஏ) கண்டுபிடிப்புப் படியை வரையறுக்கிறது. ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அதோடு அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடாது. பரிசோதகரின் வாதத்தை நாமே எழுதிவிடலாம்: உரசும் இடத்தில் தேய்மானம் வரும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும், உரசலுக்குப் பதில் உருளலை வைப்பது பாடப்புத்தகச் சங்கதி, சுற்றின்மேல் உருளும் சக்கரம் மூன்றாவது ஆவணத்தில் இருக்கிறது, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தால் உரிமைக்கோரல் வந்துவிடுகிறது. வலுவான ஆட்சேபம் இது. 'எங்கள் துறை வேறு, அந்தத் துறை வேறு' என்று மட்டும் பதில் எழுதினால் நிற்காது.

இத்தகைய எந்திர அமைப்புகளில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கில் சொன்னது இன்றும் மேற்கோளாக வருகிறது. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சாதனத்துக்கு வாங்கிய காப்புரிமை பற்றிய வழக்கு அது. பட்டறையில் வேலை தெரிந்தவர் இயல்பாகச் செய்யும் மேம்பாடு கண்டுபிடிப்பாகாது என்று நீதிமன்றம் கருதியது. காப்புரிமை ரத்தான தீர்ப்பே நிலைத்தது. உரசும் நுனியை எடுத்துவிட்டுச் சக்கரம் வைத்ததும் பட்டறை மேம்பாடுதானே என்று கேட்டால் என்ன பதில்?

பதில் வடிவியலில் இருக்கிறது. கையின் நீளம் 40 மிமீ என்று கொள்வோம். உருளையின் ஆரம் 7 மிமீ மாறினால் கை ஏறத்தாழ 10 பாகை சாயும். சக்கரம் ஓரிடத்திலும் நகநுனி அதற்கு 8 மிமீ முன்னாலும் இருந்தால், அந்தச் சாய்வினால் நுனியின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடக்கூடும். நோட்டின் தடிமன் வெறும் 0.1 மிமீ. ஆக, மூன்றாவது ஆவணத்தின் சக்கரத்தை அப்படியே எடுத்து இரண்டாவது ஆவணத்தின் கையில் எங்கோ ஓரிடத்தில் மாட்டினால் சிக்கல் தீராது. முழு உருளையில் சரியாக இருக்கும் நுனி, வெறும் உருளையில் ஒன்று இடிக்கும் அல்லது தூர நிற்கும். சக்கரம் மேற்பரப்பைத் தொடும் கோடும் நகநுனியும் உருளையின் அச்சுக்கு இணையான ஒரே கோட்டில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சாய்வு இடைவெளியைப் பெரிதாகப் பாதிக்காது. மூன்றாவது ஆவணத்தின் சக்கரம் அளப்பதற்காக வைத்தது. அங்கே நுனி என்று ஒன்றே இல்லை. ஆகவே எங்கே வைப்பது என்பதற்கு அது எந்த வழியும் காட்டவில்லை.

இந்த ஒரு வரி, அதாவது 'சக்கரத்தின் தொடுகோடும் நகநுனியும் உருளை அச்சுக்கு இணையான ஒரே கோட்டில்', முதல் உரிமைக்கோரலில் இல்லாவிட்டாலும், அதை மேலும் குறுக்கும் சார்பு உரிமைக்கோரலிலோ விவரக்குறிப்பிலோ இருந்தால் வழக்குப் பிழைக்கும். படத்தில் தெரிகிறது, எழுத்தில் இல்லை என்றால் இழுபறி. இரண்டிலும் இல்லையென்றால் பிழைக்க வழியில்லை.

பிரிவு 3 என்ற முதல் வேலி

கண்டுபிடிப்புப் படிக்கு முன்பே இந்தியாவில் இன்னொரு வேலி உண்டு. பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்குவது, இடம் மாற்றி அடுக்குவது, இரட்டிப்பாக்குவது, அவை ஒவ்வொன்றும் தெரிந்த முறையில் தனித்தனியே வேலை செய்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. எந்திர விண்ணப்பங்களில் பரிசோதகர் கை நீட்டும் பிரிவு இது. ஒற்றை நாடாவுக்குப் பதில் இரட்டை நாடா வைத்தோம் என்று மட்டும் சொன்னால் 'இரட்டிப்பு' என்ற ஒரு சொல்லிலேயே கதை முடியும். இரண்டு நாடாக்களுக்கு நடுவே வழிகாட்டி உருளையில் ஒரு மேடு வைத்து, நோட்டை அலைபோல வளைத்து, அந்த வளைவினால் துவண்ட நோட்டுக்கும் விறைப்பு வருகிறது என்று காட்டினால் கதை வேறு. நாடா இல்லாமல் மேட்டுக்கு வேலையில்லை, மேடு இல்லாமல் இரண்டாவது நாடாவுக்குப் புதுப் பயன் இல்லை. ஒன்றின் இயக்கம் மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டால் 3(எஃப்) விலகும். ஆனால் தாளை வளைத்து விறைப்பாக்குவது பி65எச் வகுப்பில் நெடுநாளாக அறியப்பட்ட உத்தி. 3(எஃப்)-ஐத் தாண்டியவர் அங்கே கண்டுபிடிப்புப் படியில் மறுபடி மாட்டுவார்.

வேகக் கட்டுப்பாட்டை உரிமைக்கோரலில் சேர்த்தால் 3(கே) வரும்: கணினி நிரல் என்ற அளவில் காப்புரிமை கிடையாது. 'சுற்று எண்ணிக்கையிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டு மோட்டார் வேகத்தை நிர்ணயிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி' என்பதைச் சிலர் வெறும் கணக்கீடாக எழுதிவிடுகிறார்கள். 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன பிறகு இந்த ஆட்சேபத்தைச் சமாளிப்பது எளிதாகியிருக்கிறது. நாடாவின் வேகம் மாறாமல் நிற்கிறது, நோட்டு இடைவெளி மாறாமல் நிற்கிறது என்று இயந்திரத்தில் நடப்பதை எழுதினால் போதும். இத்துறையில் 3(கே) பெரிய தடை என்று சொல்ல முடியாது. அதைக் கண்டு பதறி நல்ல கட்டுப்பாட்டுக் கூறுகளை நீக்கிவிடுவதுதான் நஷ்டம்.

காலக்கெடுவும் படிவங்களும்

ஜப்பானில் தொடங்கிய விண்ணப்பம் பிசிடி என்ற சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாக இந்தியாவுக்குள் வர, முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்து, 31 மாதம். விண்ணப்பத்தை ஆராயும்படி கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்கு முன்பெல்லாம் 48 மாதக் கெடு இருந்தது. 2024 மார்ச் 15 முதல் அமலான திருத்த விதிகள் புதிய விண்ணப்பங்களுக்கு அதையும் 31 மாதமாக்கிவிட்டன. உள்ளே நுழையும்போதே அந்தக் கோரிக்கைக்கான படிவம் 18-ஐயும் போட்டுவிட வேண்டும் என்றுதான் இதற்கு நடைமுறை அர்த்தம். பழைய பழக்கத்தில் தள்ளிப்போட்டால் விண்ணப்பமே திரும்பப் பெற்றதாகக் கருதப்படும்.

முதல் பரிசோதனை அறிக்கை வந்தபின் பதிலுக்கு 6 மாதம். அது முடிவதற்குள் படிவம் 4 போட்டால் இன்னும் 3 மாதம். பதில் போகாவிட்டால் பிரிவு 21-இன்படி கைவிட்டதாக முடியும். வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களுக்கான படிவம் 3-ஐ அறிக்கை வந்த மூன்று மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். பதில் எழுத இன்னும் நாள் இருக்கிறது என்று இருப்பவர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

அறிக்கையில் வரும் சில்லறை ஆட்சேபங்களும் உண்டு. படத்தில் காட்டிய கூறுக்கு உரிமைக்கோரலில் அடைப்புக்குறிக்குள் எண் இல்லை, சுருக்கம் 150 சொல்லைத் தாண்டுகிறது, படத்தாளில் விளக்க எழுத்து இருக்கிறது என்பவை. ஒரே நாளில் தீரக்கூடியவை. ஆனால் எண் போடும்போது ஒரு கவனம் வேண்டும். விவரக்குறிப்பில் 'கை (50)' என்று ஓரிடத்திலும் 'தாங்கி (50)' என்று வேறிடத்திலும் இருந்தால், இரண்டும் ஒன்றா என்ற தெளிவின்மை ஆட்சேபம் பின்னாலேயே வரும். ஜப்பானிய மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த விவரக்குறிப்புகளில் இந்தக் குளறுபடி சாதாரணம்.

திருத்தம் எவ்வளவு தூரம்

பிரிவு 59 கறாரானது. விவரக்குறிப்பில் சாராம்சமாக வெளிப்படுத்தாத எதையும் சேர்க்கக்கூடாது. திருத்திய உரிமைக்கோரல் முழுவதும் முந்தைய ஏதாவது ஓர் உரிமைக்கோரலின் வரம்புக்குள்ளேயே அடங்கவும் வேண்டும். குறுக்கலாம், விரிக்கவோ பக்கவாட்டில் நகர்த்தவோ முடியாது. அமெரிக்காவில் விசாரணை நடுவே ஒரு கூறை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பழகியவர்கள் அதே திருத்தத்தை இந்தியாவில் தாக்கல் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். நகத்தைப் பற்றிய உரிமைக்கோரலை நாடா இழுவிசை பற்றியதாக மாற்ற முடியாது. முதல் தாக்கலில் இழுவிசைக்கும் ஓர் உரிமைக்கோரல் இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதே இடத்தில் வேறொரு கண்ணி. அங்கே ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் பிரிவு 123(2) புதுச் செய்தி சேர்ப்பதைத் தடுக்கிறது. எடுத்துக்காட்டு அமைப்பில் சக்கரம், கை, ஸ்பிரிங் மூன்றும் பின்னிக்கிடக்கும்போது சக்கரத்தை மட்டும் பிய்த்தெடுத்து உரிமைக்கோரலில் செருகினால், மூலத்தில் இல்லாத இடைநிலைப் பொதுமையாக்கம் என்று தள்ளுவார்கள். 'ஸ்பிரிங் இல்லாமல் கையின் எடையாலேயே அழுத்தலாம்' என்று விவரக்குறிப்பில் ஒரே ஒரு வாக்கியம் இருந்திருந்தால் ஸ்பிரிங்கை விட்டுவிடலாம். எழுதும்போது அரை நிமிட வேலை அது.

அமெரிக்காவில் சிக்கல் 'அமைப்பு', 'பகுதி' என்ற சொற்களில் இருக்கிறது. 'தாளைப் பிரிக்கும் பகுதி' என்று வடிவம் சொல்லாமல் செயலை மட்டும் சொன்னால், அது சட்டப் பிரிவு 112(எஃப்)-க்குள் போகும். அப்படிப் போனால் உரிமைக்கோரல் விவரக்குறிப்பில் காட்டிய வடிவத்துக்கும் அதற்கு இணையானவற்றுக்கும் சுருங்கிவிடும். 2015-இன் வில்லியம்சன் எதிர் சிட்ரிக்ஸ் தீர்ப்புக்குப் பிறகு 'மீன்ஸ்' (இன்ன வேலையைச் செய்யும் வழிவகை) என்ற சொல் இல்லாவிட்டாலும் இந்த அபாயம் உண்டு. கண்டுபிடிப்புப் படியில் 2007-இன் கேஎஸ்ஆர் தீர்ப்பு பரிசோதகர் கையை வலுப்படுத்தியது. தெரிந்த கூறுகளைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலன்தான் வந்தது என்றால் அங்கே கடினம். ஜப்பானில் கேள்வி கொஞ்சம் வேறு திசையில் வரும். இரண்டு ஆவணங்களைச் சேர்க்க வேண்டிய தூண்டுதல் அவற்றுக்குள் இருக்கிறதா, சேர்ப்பதைத் தடுக்கும் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது ஆவணம் 'நுனி மேற்பரப்பைத் தொட்டால்தான் மெல்லிய தாள் கிளம்பும்' என்று எங்காவது சொல்லியிருந்தால் அதுவே தடைக் காரணம். நுனியை விலக்கி வைப்பதற்கு எதிராகவே அது பேசுகிறது. அந்த வரியைத் தேடிப் படிக்காமல் பதில் எழுதுவது சோம்பேறித்தனம்.

எண்கள் இருந்தால் வாதம் நிற்கும்

விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டாளர் விசாரணையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: 'முன்னேற்றம் எங்கே தெரிகிறது?' ஒப்பீட்டுச் சோதனை கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். நிலையான நகம், தொடும் நகம், சக்கரம் வைத்த நகம் என்று மூன்று அமைப்பிலும் ஒரே நோட்டுத் தொகுதியை ஓட்ட வேண்டும். அந்தத் தொகுதியில் புதுநோட்டு, துவண்ட நோட்டு, ஓரம் மடிந்த நோட்டு, ஸ்டேப்ளர் துளை விழுந்த நோட்டு எல்லாம் தெரிந்த விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். உருளை நிறைந்தும், பாதியாகவும், வெறுமையாகவும் இருக்கும் மூன்று நிலைகளிலும் எத்தனை சிக்கல் என்று தனித்தனியே எண்ண வேண்டும். மொத்தக் கூட்டுத்தொகை மட்டும் கொடுத்தால் பயனில்லை. உருளை வெறுமையாகும் பக்கத்தில் சிக்கல் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அது சக்கரத்தின் வேலை என்று நிறுவ முடியும். இதைப் பிரமாணப் பத்திரமாகத் தரலாம். ஆனால் சோதனை காட்டும் பலன் விவரக்குறிப்பில் முன்பே சொன்ன பலனாக இருக்க வேண்டும். அங்கே சத்தம் குறைகிறது என்று எழுதிவிட்டு இங்கே சிக்கல் குறைகிறது என்று சோதனை காட்டினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

நோட்டளவும் வாதத்துக்கு உதவும். அமெரிக்க டாலர் எல்லா மதிப்பிலும் ஒரே அளவு. யூரோவில் மதிப்புக்கு மதிப்பு நீளம் மாறும், சிறிய நோட்டுகளில் அகலமும் மாறும். இந்தியாவில் 2016-இல் பழைய 500 ரூபாய் நோட்டு 167×73 மிமீ அளவிலிருந்து 150×66 மிமீக்குச் சுருங்கியபோது நாடெங்கும் ஏடிஎம்களின் கேசட்டுகளையும் மென்பொருளையும் மாற்றியமைக்க வேண்டி வந்தது. 10 ரூபாய் நோட்டு 123 மிமீ, 500 ரூபாய் 150 மிமீ என்று நீளங்கள் கலந்து வரும் நாட்டில் நாடாக்களின் இடைவெளியும் நகங்களின் இடமும் குட்டை நோட்டுக்கும் பொருந்த வேண்டும். ஒரே அளவு நோட்டுக்காக எழுதிய முன்தொழில்நுட்ப ஆவணத்தில் (விண்ணப்பத்துக்கு முன்பே வெளியானதில்) இந்தச் சிக்கல் எழுந்தே இருக்காது என்று காட்ட முடிந்தால், அது நல்ல வாதம்.

விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வாதம் போய்ச்சேர வேண்டும். மறுத்து உத்தரவு வந்தால் பிரிவு 117ஏ-இன்படி மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. 2021-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைந்த பிறகு அது உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. சென்னை அலுவலக விண்ணப்பங்களுக்கு மதராஸ் உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு. 'முதல், இரண்டாம் ஆவணங்களை வைத்துப் பார்த்தால் வெளிப்படையானது' என்று ஒற்றை வரியில் மறுத்த உத்தரவுகள் மேல்முறையீட்டில் தாங்குவதில்லை. முன்தொழில்நுட்பம் என்ன சொல்கிறது, கண்டுபிடிப்பு என்ன, ஒன்றிலிருந்து மற்றது எப்படி வெளிப்படையாகும் என்று மூன்றையும் கட்டுப்பாட்டாளர் விளக்க வேண்டும் என்று 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்படி மேல்முறையீட்டில் வென்றவரும் பெரும்பாலும் காப்புரிமையோடு திரும்புவதில்லை. மறுபரிசீலனைக்காக அதே அலுவலகத்துக்கே திரும்புவார். அங்கே அதே மூன்று ஆவணங்கள் மறுபடி காத்திருக்கும்.

எல்லாம் தாண்டி நம் எடுத்துக்காட்டு உரிமை பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'உருளும் சிறு சக்கரம்' என்று இருக்கிறது. போட்டி நிறுவனம் சக்கரத்தை நீக்கிவிட்டு, நகத்துக்குப் பக்கத்திலேயே வழுவழுப்பான நைலான் சறுக்கியை வைத்து அதே அரை மில்லிமீட்டர் இடைவெளியைப் பெறலாம். உரிமை அதைத் தொடுமா என்று வருடக்கணக்கில் வாதாடலாம். முதல் தாக்கலில் 'சுற்றின் மேற்பரப்பைத் தொட்டு நகநுனியின் இடைவெளியை நிர்ணயிக்கும் தொடு உறுப்பு' என்று ஓர் உரிமைக்கோரலும், அதன் கீழே சக்கரம் ஒன்று, சறுக்கி ஒன்று என்று இரண்டு சார்பு உரிமைக்கோரல்களும், விவரக்குறிப்பில் சறுக்கிக்கு ஒரு படமும் இருந்திருந்தால் அந்தப் போட்டி இயந்திரம் அப்போதே உள்ளே அகப்பட்டிருக்கும். இப்போது சேர்க்கப் பிரிவு 59 விடாது.